1.8 டெசிபெல்: ஒரு டி.ஜே. மிக்சரைத் தேர்ந்தெடுத்த விவரம்

கிழக்கு லண்டனில் ரயில் பாலங்களுக்கு அடியில் உள்ள வளைவறைகளை வாடகைக்கு விடுவார்கள். செங்கல் சுவர், வளைந்த கூரை, தலைக்கு மேலே சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். கார் பட்டறை, பேக்கரி, பீர் காய்ச்சும் இடம் என்று எல்லாமே அந்த வளைவுகளுக்குள் நடக்கும். அப்படி ஒன்றில்தான் என் நண்பர் ஒரு சிறிய பார் தொடங்கினார். இசைத்தட்டுகளை நல்ல ஒலியில் கேட்பதற்கென்றே ஓர் இடம். எழுபது பேர் உட்காரலாம். ஸ்பீக்கர் பொருத்துவதும் அளந்து சரிசெய்வதும் என் வேலை என்பதால் என்னைக் கூப்பிட்டார். ஸ்பீக்கர், ஆம்ப், டர்ன்டேபிள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மிச்சம் இருந்தது மிக்சர், அதாவது தட்டுகளின் ஒலியைக் கலந்து ஆம்புக்கு அனுப்பும் பெட்டி. அதற்கு 3000 பவுண்ட் ஒதுக்கியிருந்தார். அவருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். "காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். சத்தம் நல்லா இருக்கவேணும்" என்றார். வேறு எந்த நிபந்தனையும் இல்லை.

மூன்று மிக்சர்களைக் கொண்டுவந்தோம். முதலாவது ஒரு சிறு பட்டறையில் கையால் பூட்டிய அனலாக் மிக்சர். அதில் ஃபேடர், அதாவது மேலும் கீழும் தள்ளிச் சத்தத்தை மாற்றும் பிடி, கிடையாது. ஒவ்வொரு சானலுக்கும் பெரிய சுழல் குமிழ் ஒன்று. இதைக் குமிழ் மிக்சர் என்றே சொல்கிறேன். இரண்டாவது பெரும்பாலான கிளப்புகளில் காணக்கூடிய வகையைச் சேர்ந்த நான்கு சானல் டிஜிட்டல் மிக்சர். மூன்றாவது பதினைந்து வருடம் உழைத்த அனலாக் ஃபேடர் மிக்சர், செகண்ட் ஹேண்ட். முதல் இரண்டையும் வாடகைக்கு எடுத்தோம். பழையதை விற்பவரே ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். கம்பெனிப் பெயர்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாடலிலும் ஒரே ஒரு பெட்டியைத்தான் சோதித்தேன். ஒரு பெட்டியில் கண்ட குறையை மொத்த மாடலின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

முதல் நாள் மாலை

அந்த பாரில் வாரம் நான்கு நாள் வாசிக்கப்போகும் தம்பி ஒருவர் இருந்தார். வயது இருபத்தாறு, காது கூர்மை. அவர் கொண்டுவந்த பெட்டியில் பாதி எழுபதுகளின் நியூயார்க் டிஸ்கோ பன்னிரண்டு அங்குலத் தட்டுகள். மீதி எழுபது, எண்பதுகளின் தமிழ்த் திரைப்பட எல்.பி.கள். மிக்சர்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, மீட்டர் பூஜ்யத்தைத் தொடும்படி வைத்து, ஒரே தட்டைப் போட்டுக் கேட்டோம்.

குமிழ் மிக்சரில் பாட்டு தொடங்கிய அரை நிமிடத்திலேயே தம்பி என் பக்கம் திரும்பினார். "அண்ணை, இதைக் கேளுங்கோ. பாஸ் நெஞ்சுக்குள்ள இறங்குது." எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாடும் குரலைச் சுற்றி இடம் அதிகமாக இருந்தது. டிஜிட்டல் மிக்சருக்கு மாற்றியதும் படம் ஒரு சுற்று சுருங்கியதுபோல் தோன்றியது. நண்பர் அன்றிரவே பணம் கட்டத் தயாராகிவிட்டார். ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை யாரும் இல்லாத அறையில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஒவ்வொரு மிக்சருக்குள்ளும் செலுத்தி, முந்தின நாள் போலவே மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, வெளியே வரும் மின்னழுத்தத்தை அளந்தேன். குமிழ் மிக்சரில் 1.23 வோல்ட். டிஜிட்டல் மிக்சரில் 1.00 வோல்ட். வித்தியாசம் 1.8 டெசிபெல்.

மீட்டரில் பூஜ்யம் என்பது உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட ஓர் அளவு அல்ல. எந்த மின்னழுத்தத்தைப் பூஜ்யம் என்று காட்டுவது என்பதைச் செய்பவர்தான் முடிவு செய்கிறார். ஸ்டூடியோக் கருவிகளில் வழக்கமாக 1.23 வோல்ட், மற்றவர்கள் வேறு இடத்தில் வைக்கலாம். ஆகவே இரண்டு மிக்சர்களின் மீட்டரும் ஒரே இடத்தில் நின்றால் சத்தமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

காது இங்கேதான் நம்மை வேறு பக்கம் கூட்டிப்போகிறது. பத்து டெசிபெல் கூடினால் "சத்தம் கூடிவிட்டது" என்று எவரும் சொல்வார்கள். ஒன்றோ இரண்டோ கூடும்போது சத்தம் கூடியதாகவே தெரியாது. தெளிவு கூடியதாக, பாஸ் இறங்கியதாக, இடம் விரிந்ததாகத் தெரியும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகளைப் பார்த்தால் காரணம் புரியும். கீழ்ச்சுருதியில் அந்தக் கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. அதாவது எல்லாவற்றையும் ஒரே அளவு கூட்டினாலும், காதுக்குப் பாஸ் மட்டும் கூடுதலாக வளர்கிறது. தம்பியின் நெஞ்சுக்குள் இறங்கியது அதுதான்.

சுழல் குமிழுக்கு வந்த பெயர்

மின்னழுத்தம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சுழல் குமிழைப் பார்த்ததுமே நாங்கள் மூவரும் பாதி முடிவுக்கு வந்திருந்தோம். அதற்குப் பின்னால் ஐம்பது வருட வரலாறு இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டிஸ்கோக்களுக்கு ஒலியமைத்துக் கொண்டிருந்தவர் அலெக்ஸ் ரோஸ்னர். இரண்டு டர்ன்டேபிள்களைக் கலக்க அவர் கையாலேயே ஒரு மிக்சர் செய்துகொடுத்தார். அப்புறம் கனெக்டிகட்டில் ஸ்பீக்கர் செய்துகொண்டிருந்த ரூடி போசாக்கின் கம்பெனி சி.எம்.ஏ-10-2டி.எல். என்ற மிக்சரைக் கொண்டுவந்தது. முழுக்கச் சுழல் குமிழ்கள். எண்பதுகளில் யூ.ஆர்.இ.ஐ. 1620 என்ற மிக்சர் அதே அமைப்பைப் பின்பற்றியது. டி.ஜே. லாரி லெவான் வாசித்த பாரடைஸ் கராஜ் என்ற நியூயார்க் கிளப் 1977 முதல் 1987 வரை நடந்தது. அங்கே ஒலியமைப்பு ரிச்சர்ட் லாங்குடையது. பாஸ், நடு, ட்ரெபிள் ஆகியவற்றை டி.ஜே. தன் கையாலேயே தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க அவர் வசதி செய்துகொடுத்தார். இன்றைக்கு ஐசொலேட்டர் என்று விற்கப்படும் குமிழ்களுக்கு அதுதான் மூலம். அந்தக் கிளப்புகளைப் பற்றிய நினைவும் ஏக்கமும் குமிழோடு ஒட்டிக்கொண்டன.

ஆனால் குமிழ் என்றால் அனலாக் என்றும் இல்லை. ரேன் எம்.பி.2015 வெளியே முழுக்கச் சுழல் குமிழ், உள்ளே டிஜிட்டல். ஆல்ஃபாதீட்டா கம்பெனி 2024இல் கொண்டுவந்த யூஃபோனியாவும் குமிழ் மிக்சர்தான். அதில் கலப்பது டிஜிட்டலில் நடக்கிறது, அதற்குப் பிறகு ரூபர்ட் நீவ் டிசைன்ஸோடு சேர்ந்து உருவாக்கிய டிரான்ஸ்ஃபார்மர் சுற்று ஒன்று வருகிறது. எதிர்ப்பக்கம், டி.ஜே. ரிச்சி ஹாட்டினும் மிக்சர் வடிவமைப்பாளர் ஆண்டி ரிக்பி-ஜோன்ஸும் 2016இல் கொண்டுவந்த மாடல் 1 என்ற மிக்சர் முழு அனலாக், ஆனால் ஃபேடர். வெளித்தோற்றத்தை வைத்து ஒலியை ஊகிக்க முடியாது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1970 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் 647ஆம் எண் கட்டடத்தில் தன் வீட்டையே நடனக்கூடமாக்கிய டேவிட் மன்குசோ, பின்னாளில் தன் ஒலியமைப்பிலிருந்து மிக்சரையே கழற்றிவிட்டார். தட்டுக்கும் காதுக்கும் நடுவே ஒரு கருவி குறைந்தால் அவ்வளவு நல்லது என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு பாட்டையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடவிட்டார். மிக்சர் வாங்கும் ஒவ்வொருவரும் அவரை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். கலக்கத் தேவை இல்லாதவருக்கு மிகச் சிறந்த மிக்சர் மிக்சர் இல்லாததுதான். தேவை இருப்பவர், எதற்காகத் தேவை என்பதிலிருந்துதான் அதன் தரத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டும். இதை நான் உணர ஒரு வாரம் ஆயிற்று.

சமப்படுத்திய பின்

மூன்று மிக்சர்களின் வெளியீட்டையும் 0.1 டெசிபெல்லுக்குள் சமப்படுத்தினேன். வோல்ட் கணக்கில் அது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும்: ஒன்று 1.000 காட்டினால் மற்றது 1.012ஐத் தாண்டக்கூடாது. இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பழைய மிக்சர் அந்தக் கட்டத்திலேயே போட்டியிலிருந்து விலகிவிட்டது. அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே ஃபேடர் நிலையில் 0.9 டெசிபெல் விலகி இருந்தன. குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டாம் சானல் ஃபேடரை நகர்த்தினால் கரகரப்பு. ஸ்டீரியோ ஃபேடருக்குள்ளும் குமிழுக்குள்ளும் இரண்டு தடப்பட்டைகள் ஓடுகின்றன. அவை ஒன்றோடு ஒன்று ஒத்து நடக்க வேண்டும். குறைந்த சத்தத்தில் விலகல் பெரிதாகும். உள்ளே இருக்கும் அந்தப் பாகத்துக்கு, அதாவது நல்ல பொட்டென்ஷியோமீட்டருக்கு, கூடுதல் காசு கொடுப்பது பெரும்பாலும் இந்த ஒற்றுமைக்காகத்தான். செகண்ட் ஹேண்ட் மிக்சர் பார்க்கப் போகிறவர்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு, குமிழைக் கால் பங்கு மட்டும் திறந்து கேட்கவேண்டும். குரல் மூக்குக்கு நேரே நிற்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மற்ற இரண்டையும் கண் மறைத்துக் கேட்டோம். ஒரு ரிலே பெட்டி மூலம் இரண்டையும் ஸ்பீக்கரோடு இணைத்தேன். நான் பின்னால் சமையலறையில் இருந்துகொண்டு மாற்றினேன். கேட்பவருக்கு முதலில் ஏ, பிறகு பி, அப்புறம் இரண்டில் ஒன்றான எக்ஸ். எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும். ஒருவருக்குப் பதினாறு தடவை. வெறும் ஊகத்தில் சொன்னாலே எட்டு சரியாக வரும். பன்னிரண்டோ அதற்கு மேலோ தற்செயலாக வர நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்புதான். அதனால் பன்னிரண்டைக் கோடாக வைத்தோம். பாட்டுகளை டிஜிட்டல் ப்ளேயரிலிருந்து, அத்தகைய கருவிகளுக்கான லைன் உள்ளீட்டில் கொடுத்தோம்; பாஸையும் ட்ரெபிளையும் கூட்டிக் குறைக்கும் ஈ.க்யூ. குமிழ்கள் எல்லாம் நேர் நடுவில்.

நண்பருக்கு ஏழு. தம்பிக்குப் பத்து. அன்று உதவிக்கு வந்த இன்னொரு ஒலியமைப்பாளருக்கு ஒன்பது.

தம்பியின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் கேட்டது பொய்யோ?" என்றார். இல்லை என்றேன். அவர் கேட்டது உண்மை, 1.8 டெசிபெல் உண்மையிலேயே அங்கே இருந்தது. அதை மிக்சரின் குணம் என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. நானும் அதே தவறைத்தான் செய்தேன். இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன்: இந்தச் சோதனையால் இரண்டும் ஒன்றே என்று ஆகிவிடாது. இந்த அறையில், இந்த ஸ்பீக்கரில், எங்கள் மூன்று பேரின் காதுக்கு, குமிழ்கள் நடுவில் நிற்கும்போது பிரித்தறிய முடியவில்லை. அவ்வளவுதான் அதன் பொருள்.

தட்டைப் போட்டபோது

ஆனால் அந்த பாரில் வாசிக்கப்போவது இசைத்தட்டு. டர்ன்டேபிளை, இசைத்தட்டுக்கென்றே உள்ள ஃபோனோ உள்ளீட்டில் மாட்டி அதே சோதனையைச் செய்தோம். தம்பி பதினாறில் பதினான்கு சரியாகச் சொன்னார். முதல் ஐந்தையும் யோசிக்காமலே சொன்னார்.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான ஆர்வம் பிறந்தது. இசைத்தட்டில் ஒலியை அப்படியே வெட்டுவதில்லை. 1000 ஹெர்ட்ஸை ஒப்பிட்டால், 20 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 20 டெசிபெல் குறைத்தும், 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 20 டெசிபெல் கூட்டியும் வெட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பாஸ் வரும் இடங்களில் பள்ளம் அகன்று தட்டில் இடம் போதாது. மேல்சுருதி இரைச்சலில் மூழ்கிவிடும். ஃபோனோ சுற்று இதைத் தலைகீழாகத் திருப்பவேண்டும். ஐம்பதுகளில் ஏற்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. தரம் இந்த வளைவை வரையறுக்கிறது. ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்க வேண்டும், அதுவும் நாற்பது டெசிபெல் சரிவைத் துல்லியமாகப் பின்பற்றிக்கொண்டே. ஒரு மிக்சரில் மிகக் கடினமான வேலையைச் செய்யும் பகுதி இது. லைன் உள்ளீட்டுக்கு இப்படி ஒரு பாரம் கிடையாது.

தலைகீழ் ஆர்.ஐ.ஏ.ஏ. சுற்று ஒன்றை நடுவில் வைத்து இரண்டையும் அளந்தேன். நடுச்சுருதியில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்தன. வித்தியாசம் இரு முனைகளில் இருந்தது.

கீழ் முனையில் டிஜிட்டல் மிக்சர் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லச் சரிந்தது. குமிழ் மிக்சரோ 10 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் முழுசாகத் திறந்திருந்தது. இரண்டையும் தவறு என்று சொல்ல முடியாது. 1976இல் மின்கருவிகளுக்குத் தரம் வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐ.இ.சி. 20 ஹெர்ட்ஸில் ஒரு கூடுதல் சரிவைச் சேர்க்கச் சொன்னது. சிலர் சேர்த்தார்கள், சிலர் சேர்க்கவில்லை. தாளில் பார்த்தால் முழுசாகத் திறந்திருப்பதுதான் அழகு. ஆனால் எங்கள் பார் ரயிலுக்கு அடியில் இருக்கிறது. ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, பாட்டு ஓடும்போது வூஃபரைப் பார்க்கச் சொன்னேன். கோன் மெதுவாக முன்னும் பின்னும் அலைந்தது. சத்தம் இல்லாத அசைவு. 33⅓ வேகத்தில் சுற்றும் தட்டு சற்று நெளிந்திருந்தால் நொடிக்கு அரைத் தடவைக்குச் சற்று மேல் ஊசி ஏறி இறங்கும். டர்ன்டேபிளின் கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தாமாகவே அதிரும். அதன்மேல் ரயிலின் உறுமல் சுவர் வழியாக மேசைக்கு வரும். இவை எல்லாவற்றையும் குமிழ் மிக்சர் ஆம்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கோன் இப்படி அலையும்போது அதே கோன் வாசிக்கும் பாஸ் கிட்டாரும் சேர்ந்து அலையும். தம்பி அதை ஆழம் என்று கேட்டிருக்கிறார்.

மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவே ஒலியைச் சரிசெய்யும் ஸ்பீக்கர் பிராசஸரில் 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே செங்குத்தாக வெட்டினேன். எங்கள் சப்வூஃபர் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வாசிக்காது என்பதால் இசையில் எதுவும் குறையவில்லை. மறுபடி சோதனை. பதினான்கு பதினொன்றாக இறங்கியது.

மேல் முனையில் வேறு கதை. காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் ஒரு சுருள். அதோடு கேபிளின் கொள்ளளவும் மிக்சர் உள்ளீட்டின் கொள்ளளவும் சேர்ந்து 10,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேட்டை உண்டாக்கும். மொத்தக் கொள்ளளவு கூடினால் மேடு கீழே இறங்கி வரும், ட்ரெபிள் முன்னால் துருத்தும். டிஜிட்டல் மிக்சரின் உள்ளீட்டில் கொள்ளளவு கூடுதல். அதற்கு மட்டும் கொள்ளளவு குறைந்த, நீளம் குறைந்த கேபிளை மாட்டியதும் மேடு விலகிப்போனது. அதற்குப் பின் தம்பிக்குக் கிடைத்தது ஒன்பது.

முதல் நாள் நாங்கள் வியந்த ஒலி, பலரும் "அனலாக் வெப்பம்" என்று சொல்வது, இப்படி மூன்று துண்டாகப் பிரிந்தது: 1.8 டெசிபெல், காதுக்குக் கேட்காத அதிர்வு, கேபிள். அனலாக்கில் வெப்பமே கிடையாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மிக்சர்கள் இருக்கின்றன; அதன் இரும்பு காந்தத்தால் நிரம்பும்போது கீழ்ச்சுருதியில் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட துணை ஒலி, சேரும், அது காதுக்கு இனிமையாகவே இருக்கும். அந்த நிறம் வேண்டும் என்று தெரிந்தே வாங்குபவர் நல்ல காரியம்தான் செய்கிறார். எங்கள் குமிழ் மிக்சரில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது.

ஹெட்ஃபோனில் கேட்டதும், ஸ்பீக்கரில் உடைந்ததும்

ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் பட்டது. தம்பி மிக்சரின் ஒலியைப் பற்றிச் சொன்னவற்றில் பாதி, ஸ்பீக்கரில் கேட்டதே இல்லை. அவர் வேலை நேரத்தில் பாதியை ஹெட்ஃபோனில் கழிப்பவர். டி.ஜே.க்கள் பலர் வைத்திருக்கும் சென்ஹைசர் எச்.டி.25 அவருடையதும், 70 ஓம். ஹெட்ஃபோன் ஆம்பின் வெளியீட்டுத் தடை அதிகமாக இருந்தால், ஹெட்ஃபோனின் தடை ஏறி இறங்கும் இடங்களில் ஒலியும் ஏறி இறங்கும். இரண்டு மிக்சர்களிலும் அது வேறு வேறு. சத்தமான அறையில் அடுத்த தட்டின் தாளத்தைப் பிடிக்க எது உதவுகிறது என்று கேட்டேன். குமிழ் மிக்சர் என்று உடனே சொன்னார். இதை அளந்து மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. பாரில் இருப்பவர்களுக்குக் கேட்காத இந்த ஒலி, வாசிப்பவரின் கைக்குச் சேவை செய்கிறது.

இரண்டு பன்னிரண்டு அங்குலத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, இரண்டின் பாஸையும் திறந்தே வைத்தும் பார்த்தோம். வேறு வேறு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும். இரண்டு கிக் டிரம்களும் அச்சாக ஒரே நேரத்தில் விழுந்தால் 6 வரை போகும். ஓரிடத்தில் சத்தம் உடைந்தது. டிஜிட்டல் மிக்சரின் சிவப்பு விளக்கைத் தம்பி கை காட்டினார். ஆனால் குமிழ் மிக்சரிலும் அதே இடத்தில் உடைந்தது. தேடிப் பார்த்தால் உடைந்தது ஸ்பீக்கர் பிராசஸரின் உள்ளீடு. இரண்டு மிக்சர்களுமே அதைவிட அதிக வோல்ட் கொடுக்கக்கூடியவை. டிஜிட்டல் மிக்சரில் கவனிக்க வேண்டிய இடம் முன்வாசல்: உள்ளே வரும் ஒலியை எண்ணாக மாற்றும் இடத்தில் வரம்பு மீறினால் திருத்த வழி இல்லை. உள்ளே நடக்கும் மிதவைப் புள்ளிக் கணக்கு மிகப் பெரிய எண்ணையும் தாங்கும், அதில் அந்தப் பயம் கிடையாது. ஆகவே உள்ளே வரும் சத்தத்தின் அளவை மாற்றும் டிரிம் குமிழைப் பார்த்து வைக்க வேண்டும். பிராசஸரின் உள்ளீட்டை 6 டெசிபெல் குறைத்தேன், பிரச்சினை தீர்ந்தது. பாரின் உரிமத்துக்காக வைக்க வேண்டிய, சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரையும் அதற்கேற்ப மறுபடி அமைத்தேன்.

கை பட்ட பிறகு

அதுவரை எல்லாச் சோதனையும் குமிழ்கள் நடுவில் நிற்கும்போது நடந்தவை. ஆறாம் நாள் மாலை தம்பியிடம், "இன்றைக்குச் சோதனை எதுவும் இல்லை, உங்கள் பாட்டுக்கு வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஒன்றில், இரண்டு மணி நேரம் மற்றதில்.

வித்தியாசம் எழுந்து வந்தது அப்போதுதான். யாருடைய கண்ணையும் மறைக்கத் தேவை இருக்கவில்லை. டிஜிட்டல் மிக்சரில் சானலுக்கு மூன்று பட்டை ஈ.க்யூ.; பாஸைக் கீழே திருப்பினால் கத்தியால் வெட்டியது போல் போகிறது. வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பவருக்கு அது வரம். குமிழ் மிக்சரில் சானலுக்கு மென்மையான இரண்டு பட்டைகளும், மாஸ்டரில் மூன்று பட்டை ஐசொலேட்டரும். பாஸ் ஐசொலேட்டரை அவர் மெல்லத் திருப்பியபோது அறையே மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தது. திரும்ப விட்டபோது தரை அதிர்ந்தது. நான்கு பட்டை ஈ.க்யூ. உள்ள எக்ஸோன்:92 போன்ற மிக்சரை வாங்கியவர்கள் ஏன் அதை விட்டுப் பிரிவதில்லை என்பதும் இதே கணக்குத்தான். நடுச்சுருதியை இரண்டாகப் பிரித்துக் கையில் கொடுத்தால் குரலைத் தொடாமல் கிட்டாரைக் குறைக்கலாம். நடுவில் நிற்கும்போது நல்ல மிக்சர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. திருப்பும்போது ஒவ்வொன்றும் தன் வடிவத்தைக் காட்டுகிறது: எந்த இடத்தில் வெட்டுகிறது, எவ்வளவு செங்குத்தாக வெட்டுகிறது, குமிழின் முதல் பாதியில் எவ்வளவு போகிறது, கடைசிக் கால்பங்கில் எவ்வளவு. விளம்பரத் தாளில் அச்சிடும் திரிபு சதவீதம் இதில் எதையும் சொல்வதில்லை.

தமிழ் எல்.பி.களில் இன்னொரு வித்தியாசம் தெரிந்தது. ஒரு பக்கத்தில் இருபத்தைந்து நிமிடத்தைத் திணித்த தட்டில் பள்ளங்கள் நெருக்கமாக இருக்க வேண்டியிருப்பதால் வெட்டும்போதே சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். 45 வேகத்தில் சுற்றும் பன்னிரண்டு அங்குலத் தட்டுக்குப் பக்கத்தில் அது மிகவும் மெலிதாக ஒலிக்கும். டிஜிட்டல் மிக்சரில் டிரிமைக் கடைசிவரை திருப்பியும் சில தட்டுகள் எட்டவில்லை. குமிழ் மிக்சரில் இன்னும் இடம் மிச்சமிருந்தது. இரைச்சலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பேதம் இல்லை. பழைய தட்டின் சொரசொரப்பு, சுற்றின் இரைச்சலை எப்போதோ விழுங்கிவிடுகிறது.

குமிழ் மிக்சரையே வாங்கினோம், 2600 பவுண்ட். முதல் நாள் எடுக்க இருந்த அதே முடிவு; ஆனால் காரணங்களில் ஒன்றுகூட அதே காரணம் இல்லை. ஐசொலேட்டரின் வளைவு, ஹெட்ஃபோன், ஃபோனோ பெருக்கத்தில் இருந்த இடம், பழுதானால் திறந்து சரிசெய்யக்கூடிய கட்டுமானம். ப்ளேயரும் யு.எஸ்.பி.யும் கொண்டு வாசிக்கும் விருந்தினர் வரும் இரவுகளில் டிஜிட்டல் மிக்சரை வாடகைக்கு எடுப்பது என்று பேசிக்கொண்டோம். அவர்களுக்கு அதுதான் பழக்கம். அதன் ஒலியைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

மிச்சம் இருந்த 400 பவுண்டோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒலி உறிஞ்சும் பலகைகள் வாங்கும்படி நண்பரிடம் கேட்டுக்கொண்டேன். பக்கச் சுவர்களுக்கு நடுவே ஐந்து மீட்டர். அந்த இடைவெளியில் 34 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் அலை தேங்கி நிற்கும். வளைந்த கூரை ஒலியைத் திரட்டி நடுமேசையில் கொண்டுபோய்க் கொட்டியது. கூரையின் உச்சியிலும் பின்சுவரிலும் பலகை ஏறிய பிறகு குரல் எங்கிருந்து வருகிறது என்று விரலால் சுட்டிக் காட்ட முடிந்தது. எந்த இரண்டு மிக்சருக்கும் நடுவே நாங்கள் கேட்ட வித்தியாசத்தைவிட அது பெரியது. டர்ன்டேபிள்களைக் கனமான கல் பலகையில், ஸ்பிரிங் கால்களின்மேல் வைத்தோம். மிக்சரின் மின் பெட்டி தனி. அதைக் கார்ட்ரிட்ஜுக்குத் தொலைவில் கீழ்த்தட்டுக்கு இறக்கியதும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் நின்றது.

நான்கு சானல்களின் வோல்ட்டையும், இடம் வலம் தனித்தனியாக, ஒரு தாளில் எழுதி மிக்சர் மேசையின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தேன். இரண்டாம் சானலின் வலப்பக்கம் 0.4 டெசிபெல் இறங்கியிருந்தது. தம்பி அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, அந்தச் சானலில் குரல் லேசாக இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்ததும் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது.